அடுத்த பட்டியலிலாவது கர்ட் ஃப்ளட்டின் பெயர் இருக்கட்டும்

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கு இடம் தரும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்காக 1980-க்கு முந்தைய காலத்தவரின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவினருக்கும், அந்தப் பட்டியலை வைத்து வாக்களிக்கும் 16 பேருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 2027 டிசம்பரில் இந்தக் காலப் பிரிவுக்காக நீங்கள் மறுபடி கூடும்போது, மேசையில் இருக்கும் எட்டுப் பெயர்களில், தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட்ட செயின்ட் லூயிஸ் வீரர் கர்ட் ஃப்ளட்டின் பெயரும் இருக்க வேண்டும். வாக்கு விழுவதும் விழாததும் அப்புறம். முதலில் பெயர் வரட்டும். 2021-ல் வரவில்லை, 2024-லும் வரவில்லை.

செயின்ட் லூயிஸில் குடியேறிப் பல வருடங்களாகிவிட்ட தமிழன் நான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, இங்கே வந்தபிறகு இந்த ஊர் அணியான கார்டினல்ஸின் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து பேஸ்பால் கற்றுக்கொண்டவன். 2025 ஜூலையில் டிக் ஆலனை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தீர்கள். தகுதியானவர், மனதார மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஒரு கணக்கு மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது, அதுதான் இந்த மடலை எழுத வைத்தது. 1969 அக்டோபரில் கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டு செயின்ட் லூயிஸ் வாங்கிக்கொண்டது இதே டிக் ஆலனைத்தான். அவர் இப்போது உள்ளே. அந்த மாற்றத்தை எதிர்த்து ஃப்ளட் யாருக்குக் கடிதம் எழுதினாரோ, யார் மேல் வழக்குப் போட்டாரோ, பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான அந்தக் கமிஷனர் போவி கியூன் 2008-லேயே உள்ளே. வழக்குக்குப் பக்கபலமாக நின்ற வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் 2019-ல் தேர்வாகி உள்ளே. ஃப்ளட்டோடு சேர்த்து அனுப்பப்பட்ட டிம் மெக்கார்வருக்குக்கூட வர்ணனையாளர் என்ற முறையில் 2012-ல் உங்கள் ஃப்ரிக் விருது கிடைத்தது. ஒரே ஒரு பேரம், அதைச் சுற்றி இத்தனை பேருக்கு மரியாதை. அந்தப் பேரத்துக்கு "மாட்டேன்" என்று சொன்ன மனிதர் மட்டும் வெளியே நிற்கிறார்.

ஆட்டத்தையே முதலில் பேசிவிடுவோம். ஏனென்றால் ஃப்ளட் பேச்சு வந்தாலே "ஓ, அந்த வழக்குப் போட்டவரா" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வழக்குக்கு முன்னால் பன்னிரண்டு சீசன் கார்டினல்ஸ் சட்டை போட்டவர் அவர். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு கோல்ட் க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டருக்கான விருது. இதில் முதல் ஆறு வருடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில், வெளிக்களத்துக்கான (அவுட்ஃபீல்ட்) மூன்று கோல்ட் க்ளவ்களும் வருடம் தவறாமல் அதே மூன்று பேருக்குத்தான் போயின: வில்லி மேஸ், ரொபர்டோ கிளெமென்டி, கர்ட் ஃப்ளட். முதல் இருவரைப் பற்றி யாரும் வாதாட வேண்டியதே இல்லை, மூன்றாமவருக்காக நான் இங்கே உட்கார்ந்து மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1966 சீசனில் அவர் 159 ஆட்டங்களில் களத்தில் நின்று ஒரு பிழைகூடச் செய்யவில்லை. 1965-ல் தொடங்கி 1967 வரை 226 ஆட்டம் தொடர்ந்து பிழையே இல்லை. இதன் அருமை கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நின்று உயரப் பந்தைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேஸ்பாலில் ஃப்ளட் போல வெளிக்களத்தின் நடுவே நிற்கும் சென்டர் ஃபீல்டர் ஓடி அடைக்க வேண்டிய பரப்பு அதைவிடப் பெரிது, பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுக்க வேண்டும். மட்டையிலும் சோடை போனவர் இல்லை. 1964-ல் 211 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியது), கிளெமென்டியோடு சமமாக லீக்கில் முதலிடம். 1967-ல் சராசரி .335, அதாவது ஆயிரம் முறைக்கு 335 ஹிட் என்ற விகிதம். 1968-ல், பந்துவீச்சாளர்கள் எல்லோரையும் கட்டிப்போட்ட அந்த வருடத்தில், நேஷனல் லீக்கில் .300-ஐத் தாண்டியவர்கள் ஐந்தே பேர், அதில் ஒருவர் ஃப்ளட். 1964-லும் 1967-லும் சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸை வென்ற அணியின் நடுக்களம் அவருடையது. 1968 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், டெட்ராய்ட்டின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்தை முதலில் தவறாகக் கணித்து, திரும்பும்போது அவருக்குக் கால் வழுக்கியதையும் நான் மறைக்கவில்லை. அந்த ஒரு பந்தை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் அந்த 226 ஆட்டங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

"மொத்த எண்ணிக்கை போதவில்லை" என்ற பதில் வரும் என்று தெரியும். 1,861 ஹிட், .293 சராசரி, 85 ஹோம் ரன். சரி, எண்ணிக்கையையே பேசுவோம். 1969 முடியும்போது அவருக்கு வயது 31, கையில் 1,854 ஹிட் இருந்தன. வருடத்துக்கு 170, 180 என்று அடித்துக்கொண்டிருந்த ஆள். வாயை மூடிக்கொண்டு ஃபிலடெல்பியாவுக்குப் போயிருந்தால், இன்னும் நான்கு வருடத்தில் 2,500-ஐத் தொட்டிருப்பார், அவருடைய பட்டயம் எப்போதோ உங்கள் சுவரில் ஏறியிருக்கும். அந்த நான்கு வருடம்தான் அவர் இந்த விளையாட்டுக்குக் கொடுத்தது. அதையே அவருடைய கணக்கில் குறை என்று எழுதுவது நியாயமா? கையுறைத் திறமைக்காக, .260 சராசரி வைத்திருந்த பில் மசெராஸ்கியை 2001-ல் சேர்த்தீர்கள், சரியாகவே செய்தீர்கள். அதே அளவுகோலை இவருக்கும் எடுங்கள்.

ஏன் "மாட்டேன்" என்றார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் உங்கள் கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தென் மாநிலங்களின் மைனர் லீக்கில், அதாவது பெரிய லீக்குக்குக் கீழ்நிலை லீக்கில், ஃப்ளட் ஆடிய நாட்கள் அவை, இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்வையில் நனைந்த உடுப்பைக் கழற்றி ஒரு குவியலாகப் போட்டார்கள், சலவைக்குப் போய் வருவதற்காக. இவரும் கழற்றி அதன் மேல் போட்டார். உடை அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள், நுனியில் ஆணி வைத்த ஒரு நீளக் கோலைக் கொண்டுவந்து, வெள்ளையர்களின் உடுப்பில் படாமல் இவர் உடுப்பை மட்டும் குத்தி எடுத்து, கறுப்பினத்தவருக்கான சலவைக்கடைக்கு அனுப்பினார். அது தூரத்தில் இருந்தது. மற்றவர்கள் சுத்தமான உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டாவது ஆட்டத்துக்கு இறங்கிவிட்டார்கள். இவர் அந்த அறையில் உடம்பில் துணி இல்லாமல் உட்கார்ந்து, உடுப்பு திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். வந்தபிறகு போட்டுக்கொண்டு களத்துக்குள் நடந்தபோது பார்வையாளர்கள் அவரை நோக்கிக் கத்தித் தீர்த்தார்கள். பிற்காலத்தில் ஃப்ளட்டே சொன்னது இது.

அந்தப் பையன் அப்போதே ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. அதே களத்தில் நின்று ஆடி, மேலே வந்து, மேஸுக்குப் பக்கத்தில் பேர் வாங்கினார். அப்படி வந்தவரிடம், பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு தொலைபேசி அழைப்பில் "உன்னை வேறு ஊருக்கு மாற்றியாகிவிட்டது" என்றார்கள். பணம் பிரச்சினையே இல்லை. 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஃபிலடெல்பியா 1,00,000 தர முன்வந்தது. 1969 டிசம்பர் 24-ல் கமிஷனருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது, பெரிய லீக்கில் பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகும் தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து இல்லை என்பதுதான். கமிஷனர் என்ன பதில் எழுதினார்? மனிதன் விற்று வாங்கும் சொத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை என்ற பொருளில் எழுதினார். அறையில் உடுப்புக்காகக் காத்திருந்தவருக்குப் புரிந்த சம்பந்தம் அவருக்குப் புரியவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1970 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. நியூயார்க் நீதிமன்றத்தில் அவர் பக்கம் சாட்சி சொல்ல முன்னாள் வீரர்கள் ஜாக்கி ராபின்சன் வந்தார், ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வந்து சாட்சி சொல்லவில்லை. அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை, எல்லோருக்கும் பிழைப்பு இருந்தது, ஆனால் இவருக்கும் அது இருந்தது. வசவுக் கடிதங்கள் குவிந்தன. 1971-ல் வாஷிங்டன் அணிக்காகத் திரும்ப வந்து பதின்மூன்றே ஆட்டம், 35 முறை மட்டை பிடித்து 7 ஹிட், அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்விட்டார். 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் 80-க்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஆசையாக அடுக்கினார், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு மட்டும் இருக்கும் இந்த விலக்கு முரண்பாடானது என்றும் ஒப்புக்கொண்டார், அதைச் சரிசெய்வது மட்டும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை என்று தள்ளிவிட்டார்.

தோற்ற வழக்குதான். ஆனால் அதற்கப்புறம் எதுவும் பழையபடி இல்லை. ஒரே அணியில் தொடர்ந்து ஐந்து, மொத்தம் பத்து வருடம் ஆடியவரை அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி 1973-ல் வந்தது. அது நான்கு வருடம் முன்னால் வந்திருந்தால் ஃப்ளட் நீதிமன்றப் படியே ஏறியிருக்க வேண்டாம். 1975 டிசம்பரில் மெசர்ஸ்மித், மெக்னாலி என்ற வீரர்கள் இருவரின் வழக்கில் ஒப்பந்தத் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் ஃப்ரீ ஏஜென்சிக்குக் கதவைத் திறந்தது. நீங்கள் ஆலனைத் தேர்ந்தெடுத்த அதே 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற அவுட்ஃபீல்டர் 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலருக்கு தன் விருப்பப்படி ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் அந்த உரிமைக்காக முதலில் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்த அவுட்ஃபீல்டருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளட்டோடு நிற்கவில்லை இந்தக் கோபம். நல்லவர்களை உயிரோடு இருக்கும்போது கூப்பிடும் வழக்கமே உங்களிடம் குறைந்துபோய்விட்டது. ரான் சாண்டோ 2010 டிசம்பரில் இறந்தார், அடுத்த டிசம்பரில் தேர்ந்தெடுத்தீர்கள். பக் ஓ'நீல் 2006-ல் ஒரே ஒரு வாக்கில் தவறவிட்டு அதே வருடம் இறந்தார், தேர்வானது 2021-ல். மின்னி மின்யோசோ 2015-ல் போனார், அவரும் 2021-ல். மில்லர் தன்னைப் பரிசீலிக்கவே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அலுத்துப்போய், 2012-ல் இறந்தார். டிக் ஆலனுக்கு ஒரே வாக்கு குறைந்தது, ஒரு முறை இல்லை, இரண்டு முறை, இரண்டாவது முறை கேட்க அவர் இல்லை. விழாவுக்கு மனைவி வருகிறார், பிள்ளை வருகிறார், அழுகிறார்கள், நாமும் அழுகிறோம். பட்டியல் தயாரிக்கும் அறையில் இதை யாராவது நினைத்துப் பார்க்கிறீர்களா?

ஃப்ளட் விஷயத்தில் அந்தக் காலமும் கடந்துவிட்டது. தொண்டைப் புற்றுநோயோடு போராடி, 1997 ஜனவரி 20-ல், 59-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள் இறந்தார். அவர் பெயரிலேயே 1998-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது, நீதிமன்றம் தள்ளிவிட்ட வேலையில் ஒரு பகுதியாவது அப்போது முடிந்தது. 2015-ல் கார்டினல்ஸ் தங்கள் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். 2020-ல் காங்கிரஸ் உறுப்பினர்கள் 102 பேர் கையெழுத்திட்டு உங்கள் நிறுவனத்துக்கே கடிதம் அனுப்பினார்கள். இத்தனைக்கும் பிறகு, விவாதிப்பதற்கான எட்டுப் பெயர்களில்கூட அவர் இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்களிப்பவர்களுக்கு நீங்களே எழுதி வைத்திருக்கும் விதியில் ஆட்டக் கணக்கு இருக்கிறது, நேர்மை இருக்கிறது, குணம் இருக்கிறது, விளையாட்டுக்குச் செய்த பங்களிப்பு இருக்கிறது. புதிய விதி எதுவும் வேண்டாம், சிறப்புச் சலுகையும் வேண்டாம். உங்கள் விதியை எடுத்து, வரி வரியாக, இந்த ஒரு மனிதருக்கு வைத்துப் பாருங்கள்.

சொல்லில் கடுமை இருந்தால் மன்னியுங்கள். உங்கள் வேலை எளிதில்லை என்பதும், எட்டு இடத்துக்கு எண்பது பேர் தகுதியோடு நிற்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த எட்டில் ஒன்றைத்தான் பணிவோடு கேட்கிறேன். 2027 டிசம்பர் பட்டியலில் கர்ட் ஃப்ளட்டின் பெயரைச் சேருங்கள். வாக்களிக்கப்போகும் 16 பேரும் அந்தப் பெயரை ஒரு முறை சத்தமாகப் படிக்கட்டும்.

நன்றியுடன்,
செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு ரசிகன்