பில்லிங் மென்பொருளில் மாறிய நிரல்வரிகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் பில்லிங் நிரலின் தள்ளுபடிக் கணக்கில் ஓரிடத்தைத் திருத்தச் சொன்னால் கோப்பு முழுவதையும் மாற்றுகிறோம், எங்கள் பில்லைப் பெருக்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்று வணிகர் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்கு நன்றி.

நாங்கள் நிரலின் ஒரு வரிக்கு இவ்வளவு என்று ஒருபோதும் கூலி வாங்கியதில்லை. வேலை பார்த்த நேரத்துக்குத்தான் பில். அந்தத் திருத்தத்துக்கும் அப்படித்தான் போட்டோம். ஒரு வரி மாறியிருந்தாலும் அதே தொகைதான். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள், எதிலும் வரி எண்ணிக்கையே இருக்காது. இத்தனை காலம் பழகிய பிறகும் இதை எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் பணியாளர்கள் விஎஸ் கோட் என்ற, நிரல் எழுதும் எடிட்டரில்தான் எல்லாக் கடைகளின் நிரல்களையும் திறக்கிறார்கள். அதில் பணியாளரின் சொந்த அமைப்பும் (செட்டிங்ஸ்) ப்ராஜெக்ட்டின், அதாவது ஒரு கடையின் நிரல் தொகுப்பின், அமைப்பும் முரண்பட்டால், பொதுவாக ப்ராஜெக்ட் சொல்வதே செல்லும். ஆனால் குறிப்பிட்ட நிரல்மொழிக்கென எழுதிய அமைப்பு, பணியாளருடையதாக இருந்தாலும், ப்ராஜெக்ட்டின் பொது அமைப்பை முந்திவிடும். அந்த எடிட்டரின் விதி அப்படி. பழைய நிரல்களில், சேமிக்கும்போது நிரலின் தோற்றத்தைத் தானாகச் சீரமைக்கக் கூடாது என்று பொதுவாக எழுதி வைத்திருந்தோம். புதிதாகச் சேர்ந்தவரோ ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக்கு மட்டும் சீரமைப்பை இயக்கி வைத்திருந்தார். சேமித்ததும் டேப்புகள் இடைவெளிகளாயின, ஒற்றை மேற்கோள்கள் இரட்டையாயின, நீண்ட வரிகள் மடிந்தன. தள்ளுபடியைத் தவிர வேறெந்தக் கணக்கும் மாறவில்லை. இடைவெளி வேறுபாடுகளை விலக்கிக் காட்டும் வசதி நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் உண்டு. அதில் பார்த்தால் மாறிய வரிகளின் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

இப்போது ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான அமைப்பைத் தனியாக எழுதி, நிரலோடு சேர்த்தே கிட்டில் வைத்துவிட்டோம். ஒரே மொழிக்கு இரண்டு பக்கமும் அமைப்பு இருந்தால் ப்ராஜெக்ட்டுடையதே வெல்லும். 2023 முதல் விஎஸ் கோடில் இருக்கும் ப்ரொஃபைல் வசதியைக் கொண்டு, அமைப்புகளைக் கடைக்கு ஒரு தொகுப்பாகவும் பிரித்திருக்கிறோம். சீரமைப்பு தேவைப்பட்டால் உங்களிடம் கேட்டு, தனிப் பதிவாகவே செய்வோம்.

உங்கள் நிரல்களையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருந்த மூத்த பணியாளர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட நேரத்திலும், தீபாவளி விற்பனை நெருக்கடியிலும் பொறுமை காத்து எங்களுடனேயே நின்றீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அடுத்த மாதம் முதல் சிறு திருத்தங்களுக்கு ஒரு வேலைநாள் கூடுதலாக ஆகும். பராமரிப்புக் கட்டணத்திலும் சிறு மாற்றம் உண்டு.

அந்தத் திருத்தத்தின் முழுப் பட்டியலையும் பார்க்க விரும்புவோர் எந்த வேலைநாளிலும் அலுவலகத்துக்கு வரலாம். நானே உடனிருந்து திறந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்