கெல்சோ ஸ்டேஷனில் அரை நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. சௌகரியமாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குத்தான் இன்னும் ராத்தூக்கம் சரியாகவில்லை.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் அந்தக் கெல்சோ ஸ்டேஷனை விட்டு நான் கிளம்பாததில் உனக்குக் கோபம். மாப்பிள்ளை பாவம், காரிலேயே காத்துக் கிடந்தார். "ரயிலே நிக்காத ஸ்டேஷன்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை.

செங்கோட்டையில் பேங்கர் எஞ்சினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவன் நான். மலையேறத் திணறும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக் கரையேற்றிவிட்டு வெறும் எஞ்சினோடு திரும்புவதுதான் எங்கள் பிழைப்பு. கெல்சோவும் அப்படிப் பிழைத்த ஊர்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சால்ட் லேக்குக்கும் பாதை போட்டபோது, 1905-இல் அங்கே ஒரு சைடிங், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதை, வைத்தார்கள். ரயில்வே ஆட்கள் சிலர் பெயரைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கியதில் ஜான் கெல்சோ பெயர் வந்ததாம். அந்த மனுஷர் அதற்குள் ஊரை விட்டே போய்விட்டாராம்!

அங்கிருந்து சீமா என்ற ஊர் வரை 18 மைல் ஏற்றம், 45 அடிக்கு ஒரு அடி. பாரவண்டியை நீராவி எஞ்சின் ஒன்றே இழுத்துவிடாது. ஊற்றுத் தண்ணீரும் கிடைத்ததால் தள்ளும் எஞ்சின்களை அங்கே நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றால் ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும். 1924-இல் யூனியன் பசிபிக் கம்பெனி திறந்த அந்த வளைவு வைத்த கட்டடத்தில் டிக்கெட், தந்தி, சாப்பாட்டுக் கடை, எஞ்சின் ஆட்கள் படுத்து எழும் அறை (எங்கள் பாஷையில் ரன்னிங் ரூம்), எல்லாம் இருந்தன. வெளியே இரும்புப் பட்டைகளைப் பின்னிய கூண்டு ஒன்றைப் பார்த்தாயே, அதுதான் ஜெயில். இரண்டே அறை. குடித்துவிட்டு ரகளை செய்தவர்களை உள்ளே போடுவார்களாம். நம் ஆட்களில் இரண்டு பேர் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு.

போர்க்காலத்தில், 1942-இல், கைசர் என்ற எஃகுக் கம்பெனி பக்கத்து மலையில் இரும்புத்தாது வெட்ட ஆரம்பித்ததும் ஊரில் 2,000 பேர் வரை இருந்தார்கள். அதெல்லாம் கொஞ்ச வருஷம்தான். பிறகு டீசல் வந்தது. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், நாலு எஞ்சினைக் கோத்து ஒரே டிரைவர் ஓட்டலாம். 1962-இல் ஸ்டேஷன் வேலை நின்றது. சாப்பாட்டுக் கடை மட்டும் 1985 வரை ஓடியது. கம்பெனி இடிக்கப் பார்த்த கட்டடத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள். 2005-இல் தேசியப் பூங்காத் துறை அதைப் பார்வையாளர் மையமாகத் திறந்தது.

முதலில் நீயும் மாப்பிள்ளையும் 650 அடி மணல்மேட்டில் ஏறி, மணல் சரிந்து உறுமுவதைக் கேட்கப் போயிருந்தீர்கள். அந்த நேரம் நீளமான கூட்ஸ் ஒன்று சீமா பக்கம் ஏறியது. நிற்கவில்லை. கடைசி பெட்டிக்குப் பின்னால் ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டு போனது, பேங்கர் மாதிரியே. கேபினில் ஆள் இல்லை. முன்னாலிருக்கும் டிரைவரே ரேடியோவில் அதையும் ஓட்டுகிறார்.

இருந்தாலும் பழக்கதோஷம், கையைக் காட்டிவிட்டேன்.

கோபப்பட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
அப்பா