வடசென்னை ஜியோகேச்சிங் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அக்காவுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஏப்ரலில் நாம் 19 பேர், வெளியில் ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டுப் பிறரைத் தேடவிட்ட டப்பாக்கள் 14. இன்று 26 பேர், 12 டப்பா. நடுவில் புதிதாக 7 வைத்தோம், 9 தொலைந்தன. ஆள் கூடி டப்பா குறைந்த வருஷம் இது. அதனால் இந்த அறிக்கையில் தொலைந்த கதைதான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று பேர் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பிறகு தாங்களும் மாட்டிக்கொண்ட பெற்றோர். அவர்களுக்காக நாலு வரி. ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. சாதாரண ஜனங்கள் கையில் இருந்த கருவி 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை எடுத்தார்கள். மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். வாளியிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வை, பதிவேட்டில் எழுது, அவ்வளவுதான் விதி. அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்றைய விதிப்படி சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. நம்ம ஊர்ப் பெருச்சாளிகள் இருக்கும்போது அதற்கு விதியே தேவையில்லை. 2025 மே 3-ஆம் தேதியோடு இந்த விளையாட்டுக்கு 25 வயது.

இந்த ஆண்டின் பெரிய தேடல் "வருஷ வேட்டை". ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கி (1949-இல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம், இப்போது அறிஞர் அண்ணா பூங்கா), 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் வழியாக, வருஷங்களின் இலக்கங்களைக் கூட்டிக் கழித்துக் கடைசி டப்பா இருக்கும் இடத்தின் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நிலைய வளாகத்துக்குள் எதையும் வைக்கவில்லை. ரயில்வே இடத்தில் டப்பா வைக்கக் கூடாது, அங்கே கட்டடத்தைப் பார்த்து எண்ணை எடுப்பது மட்டும்தான்.

இதில் நடந்த குளறுபடிக்கு நான்தான் காரணம். தீர்க்கரேகையில் 80 பாகை (டிகிரி) 17 கலை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) என்று போட வேண்டியதை 18 கலை என்று தட்டிவிட்டேன். ஒரு கலை என்றால் இங்கே ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். டப்பா கடலுக்குள் போய்விட்டது. காசிமேட்டுத் தம்பி போன் செய்து, "அண்ணே, போட் எடுத்துட்டு வரட்டுமா, இல்ல நீச்சலடிச்சே போயிடவா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. திருத்திப் போட்டேன். அப்புறம் புது உறுப்பினர் ஒருவர் 80° 17.6 என்பதைப் புள்ளிக்குப் பின்வரும் எண்ணாக, 80.176 என்று போனில் போட்டுவிட்டு, நெற்குன்றம் பக்கம் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறார். ராயபுரம் எங்கே, நெற்குன்றம் எங்கே! கலையும் பாகையும் வேறு என்பதை இனிமேல் சேரும் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, தொலைந்த ஒன்பதுக்கு வருகிறேன். அக்டோபர் நடுவில் கொட்டிய மழையும் நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையும் சேர்ந்து மூன்றை எடுத்துக்கொண்டன. அந்த மூன்றில், வியாசர்பாடிப் பக்கம் வைத்த ஒன்றைத் தண்ணீர் வடிந்ததும் அதே இடத்திலேயே கண்டோம், உள்ளே பதிவுச் சுருள் கூழாகி இருந்தது. அதையும் தொலைந்த கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். காந்தம் வைத்து ஒட்டிய இரண்டைப் பழைய இரும்பு பொறுக்குபவர்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், கோபமில்லை. கடற்கரையோரம் காந்தமே வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் துரு உதிர்கிறது. ஒன்று சாலை தோண்டியதில் போனது. இரண்டு எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

ஒன்பதாவது, போலீஸ் எடுத்தது. திருவொற்றியூரில் ஒரு பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த டப்பா. கண்ணில் படக் கூடாது என்று கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். யார் சுற்றியது என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவர் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். யாரோ பார்த்துப் பயந்துபோய்த் தகவல் கொடுக்க, நான் நிலையத்துக்குப் போய் விளக்க வேண்டியதாயிற்று. அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "எடுத்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?" "ஒண்ணும் கிடைக்காது சார். பேர் எழுதிட்டுத் திரும்ப அங்கேயே வெச்சிடுவோம்." அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவருக்கு என்மேல் சந்தேகம் அதிகமானது. போனில் உலக வரைபடத்தைத் திறந்து மற்ற நாடுகளில் இருக்கும் புள்ளிகளையெல்லாம் காட்டி ஒரு வழியாக வெளியே வந்தேன். அன்றிலிருந்து எல்லா டப்பாவும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக். மேலே தமிழில் "விளையாட்டுப் பொருள், உள்ளே பதிவேடு மட்டும்" என்று எழுதி, மன்றத்தின் போன் எண்ணும் போட்டிருக்கிறோம். கறுப்பு டேப் தடை.

இந்த இடத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு ஆட்கள் எழுதும் குறிப்புகளில் எல்லாம், யாரும் பார்க்காதபோது எடு, யாரும் பார்க்காதபோது வை என்று இருக்கும். காட்டில் அது நடக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் யாரும் பார்க்காத நேரம் எது? விடியற்காலை நாலு மணிக்குப் போனாலும் பால் வண்டிக்காரர் "யாரு வேணும்?" என்று கேட்பார். நாம் திருட்டு முழி முழிப்பதால்தான் டப்பாவே கவனத்துக்கு வருகிறது.

மாடிப் பூங்கா டப்பாவைப் பாருங்கள். பழைய மதராஸ் நகரத்தின் மதில் சுவரில் மிஞ்சியிருக்கும் துண்டு அந்தப் பூங்கா. அந்தச் சுவருக்காகப் போட நினைத்த வரியின் பேர்தான் வால்டாக்ஸ் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. புராதனச் சுவரில் எதையும் செருகக் கூடாது, தோண்டவும் கூடாது. அதனால் எதிர்ப்பக்கம் பூ விற்கும் ஆயாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவருடைய தள்ளுவண்டிக் கம்பியிலேயே டப்பாவைத் தொங்கவிட அனுமதி கேட்டோம். வண்டி தினமும் ஒரே மரத்தடியில்தான் நிற்கும். பகலில் மட்டும் தேடலாம் என்று குறிப்பில் போட்டோம். 11 மாதம் ஆகிறது, இன்னும் அப்படியே இருக்கிறது. மழைக்கு முன்னாலேயே ஆயா அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார். தேடி வருகிறவர்கள் முழித்தால், "டப்பாவா? நல்லாத் தேடு" என்று மட்டும் சொல்கிறாராம். அக்கம்பக்கத்தில் ஒருவருக்காவது தெரியாமல் எந்த டப்பாவும் வைப்பதில்லை என்ற தீர்மானத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இதில் ரகசியம் போய்விடும் என்று தலைவருக்கு வருத்தம் உண்டு. அவர் பேசட்டும், ஓட்டுக்கு விடுவோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதம், காசிமேட்டில் ஒரு சந்திப்பு நடத்தினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். தம்பியின் சித்தப்பா படகிலிருக்கும் ஜிபிஎஸ் கருவியைப் போட்டுக் காட்டினார். மீன் சேரும் கற்பாறைகள், மூழ்கிய கப்பல்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சேமித்து வைத்திருக்கிறார். கருவி வருமுன் கரையிலிருக்கும் ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பார்ப்பார்களாம், இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை. நம்முடைய வேலையைப் பற்றிச் சொன்னதும், "எடத்த எல்லாருக்கும் சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் கருவியில் இருந்த எண்களைப் பார்க்க மட்டும் நம்மை விடவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் எர்த்கேச் போடும் வேலை பாதியில் நிற்கிறது. இதற்கு டப்பாவே கிடையாது, இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே போகும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது, இந்தப் பக்கம் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. கரையெங்கும் கொட்டியிருக்கும் பாறைகள் அதனால்தான். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் நின்றால் மணல் எங்கே மூடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். கேள்விகள் தயார், அனுமதிக் கடிதம்தான் யாரிடம் கேட்பது என்பதில் அலைகிறோம்.

பிப்ரவரியில் திருவொற்றியூர் கடற்கரையில் குப்பை அள்ளினோம். கிழிந்த வலையும் தெர்மகோலும்தான் அதிகம்.

கணக்கு வழக்கு பொருளாளர் அக்காவிடம். சந்தா ஆளுக்கு 200 ரூபாய், நாலு பேர் இன்னும் கட்டவில்லை. கையிருப்பு ஆயிரத்துக்குக் கீழே. புதிய டப்பா வாங்க அதுவே போதும், பெரம்பூரில் மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

மூன்று வருஷம் ஆகிவிட்டது, செயலாளர் பொறுப்பை இன்று ஒப்படைக்கிறேன். யார் வருகிறார்களோ, என் வீட்டுப் பரண்மேல் ஒரு கோணிப்பை இருக்கிறது. ஆறு காலி டப்பா, சுருள் காகிதம், இரண்டு பென்சில், ஒரு பழைய கார்மின் ஜிபிஎஸ் கருவி. பென்சிலை மாற்றிப் பேனா வைக்காதீர்கள், மழையில் மை ஓடும். இந்த வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும், அந்த இடத்தில் என் மனைவி வடாம் டின் வைக்கப் போகிறார்.