யோகோஹாமாவின் ரெகே சவுண்ட் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வேலைக்காக உங்கள் ஊரில் குடியேறிய தமிழன் எழுதுகிறேன். ஜமைக்காவின் பேஸ் ஒலி நெஞ்சுக்கூட்டை எப்படி அதிரவைக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டதே யோகோஹாமாவின் நிலவறை கிளப் ஒன்றில்தான். "ஜப்பான்காரர்கள் அடிக்கிற காப்பி" என்று என் நண்பர்கள் சிலர், ஜமைக்கா இசைத்தட்டுகளைப் போட்டு நீங்கள் நடத்தும் ஆட்ட இரவுகளை ஒதுக்குகிறார்கள். அநியாயமான பேச்சு.

1950களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் தெருக்களில் முழங்கிய சவுண்ட் சிஸ்டம்களில், அதாவது பெரிய ஸ்பீக்கர்களோடு பாட்டுப் போடும் குழுக்களில், சுழன்றவை பெரும்பாலும் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகள். அந்த இரவல் பாட்டுக்கு ஆடியவர்கள்தான் அப்புறம் ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே என்று தங்களுடைய இசையை உண்டாக்கினார்கள். நீங்களும் இரவலை நேர்மையாகத்தான் வாங்கினீர்கள். பாடகரைத் தேடிப்போய், பணம் கொடுத்து, உங்கள் குழுவின் பெயரைச் சொல்லிப் பாடவைத்து, டப்பிளேட் எனும் உங்களுக்கே உரிய தனிப் பதிவுகளைச் சேர்த்தீர்கள். 1991இல் இந்த ஊரில் தொடங்கிய மைட்டி கிரவுன் குழு, 1999இல் நியூயார்க்கில் வேர்ல்ட் கிளாஷ் என்ற சவுண்ட் குழுக்களின் போட்டியை வென்றது. 2002இல் ஜமைக்காவிலேயே, ரெகேயிலிருந்து பிறந்த டான்ஸ்ஹால் இசைக்கு ஆடும் போட்டியில், டான்ஸ்ஹால் குயின் பட்டத்தை வென்றவர் ஜூன்கோ குடோ என்ற ஜப்பானியப் பெண். அந்த இசைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால், அவர்கள் விதிப்படி ஆடி வாங்கிய மரியாதை இது.

அதனால்தான் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அன்றைய கிங்ஸ்டனில், எந்தப் பாட்டு என்று எதிர்க் குழு கண்டுபிடித்துவிடக்கூடாது என்று இசைத்தட்டின் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். இன்று இங்கே யாரும் சுரண்டாமலேயே பெயர்கள் மறைகின்றன. பாடியவர் யார், கிங்ஸ்டனின் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஸ்டுடியோ ஒன்னில் பதிவானதா, ட்ரெஷர் ஐலில் பதிவானதா என்பது பாட்டைத் தேர்ந்து போடும் செலக்டருக்குத் தெரியும். எதிரே ஆடுகிற பிள்ளைக்குத் தெரியாது. மைக் உங்கள் கையில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள்.

வரிகளின் பொருளையும் சொல்லுங்கள். தன்பால் ஈர்ப்பாளர்களைச் சுடச் சொல்லும் டான்ஸ்ஹால் பாடல்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஜமைக்காவின் பேச்சுமொழியான பட்வா புரியாத கூட்டம் அந்த வரியையும் கையைத் தூக்கிக் கத்தும். அப்படிக் கத்தும் இளைஞனுக்குப் பக்கத்தில் ஆடுகிறவரே அந்த வரி குறிவைக்கும் ஆளாக இருக்கலாம். பொருள் தெரிந்த நீங்கள் அதைப் போடாதீர்கள். ஜமைக்கா மீதுள்ள மரியாதை இதனால் குறையாது. அங்கேயே இந்த வரிகளை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய பாடல்களோடு இரவைத் தொடங்கும் வழக்கம் உங்களிடம் ஏற்கெனவே உண்டு. அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆரம்பிக்கலாம். பாட்டுக்கு அரை நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கும் ஒரு ரசிகன்