பின்னணி இசை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நாங்கள் செய்து தந்த அனிமேஷன்களில் இசை சரியாக வருவதில்லை என்று கொஞ்ச நாளாகப் பேச்சு அடிபடுகிறது. அது எங்கள் காதுக்கும் வந்தது. இசை வரவில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். "இசையையே எடுத்துவிட்டு வேலையைச் சுருக்கிவிட்டார்கள்" என்று சொல்வதுதான் மனதைச் சுடுகிறது. எந்தக் கோப்பிலிருந்தும் ஒரு நொடி இசையைக்கூட நாங்கள் எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அனிமேஷன் செய்ய உதவிய ஃப்ளாஷ் மென்பொருள் இருந்த காலத்தில் முதல் ஃப்ரேமில் (அனிமேஷனின் முதல் படத்தில்) இசையை வைத்துவிட்டால் போதும், பக்கம் திறந்ததும் தானாகப் பாடும். 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் முடிந்தது. அதற்கு முன்பே, 2018-இல், குரோம் உலாவி கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டது. பார்ப்பவர் ஒருமுறையாவது பக்கத்தைத் தொடாமல், கிளிக் செய்யாமல், ஒலியோடு எதையும் தானாக ஓட விடுவதில்லை. சஃபாரியும் அப்படித்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நீங்கள் அடிக்கடி போய் ஒலி கேட்கும் தளமென்றால், கணினியில் குரோம் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு தானாகப் பாட விட்டுவிடும். அதனால்தான் உங்கள் மேசையில் பாடியது, உங்கள் வாடிக்கையாளரின் திரையில் வாய் திறக்கவில்லை. எங்களிடமும் அதே கதைதான். நாள் முழுக்க அதையே ஓட்டிப் பார்க்கும் எங்களுக்கு அது பாடாமல் இருந்ததே இல்லை. இனி எல்லாவற்றிலும் முதலில் "தொடங்கு" பொத்தான் வரும். அதைத் தொட்டதும் இசை வரும்.

அப்புறம், இசை ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரைச்சலாவது. இது எங்கள் தவறுதான், மறைப்பதற்கில்லை. "முகப்பு" பொத்தானை அழுத்தினால் ஓட்டம் முதல் ஃப்ரேமுக்குத் திரும்புகிறது. அங்கே "இசையைத் தொடங்கு" என்ற நிரல் வரி காத்திருக்கிறது. ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்க்காமல் அது இன்னொரு முறை தொடங்கிவிடும். மூன்று முறை முகப்புக்குப் போய் வந்தால் முதலில் ஓடியதோடு சேர்த்து ஒரே மெட்டு நான்கு அடுக்காக, முன்னும் பின்னுமாகக் கேட்கும். ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் கடைசியாகத் தொடங்கியது மட்டும்தான் அடங்கும். பழைய இசையைப் பிடித்திருந்த மாறியில் (நிரலில் ஒன்றைக் குறித்துவைக்கும் இடம்) புதியது வந்து உட்கார்ந்துவிட்டதால், பழையதை நிறுத்த வழியே இல்லாமல் போயிருந்தது. ஒலிப் பகுதியைப் பார்த்துவந்த தம்பி எங்களை விட்டுப் போனபின் இந்தச் சின்னச் சரிபார்ப்பு விடுபட்டுவிட்டது. அவர்மேல் குற்றமில்லை, கவனித்திருக்க வேண்டியது நான்.

இப்போது இசையைக் காட்சிகளுக்கு வெளியே, தனியாக ஓரிடத்தில் வைத்திருக்கிறோம். எந்தக் காட்சிக்குப் போனாலும் ஓடுவது ஒன்றே. நிறுத்திவிட்டு மறுபடி தொட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பார்ப்பவர் வேறு தாவலுக்குப் போனால் தானே அடங்கும். சுற்றிச் சுற்றி ஓடும் இசையில் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு விக்கல் கேட்கிறது என்று சிலர் சொன்னீர்கள். எம்பி3 ஆக்கும்போது இரு முனையிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. சுழலும் இசையை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டோம்.

குறை சொன்னதோடு நிற்காமல், "முகப்பு, பாடம் 2, மறுபடி முகப்பு" என்று அழுத்திய வரிசையைக்கூடக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினீர்களே, அதைப் பார்த்துத்தான் ஒரே மாலையில் கோளாறைக் கண்டுபிடித்தோம். இத்தனை ஆண்டுகளாக வேறு இடம் தேடாமல் எங்களிடமே வருகிறீர்கள். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

உங்கள் அனிமேஷனின் இணைப்பை அனுப்பினால் போதும், திருத்தித் தருகிறோம். கட்டணம் இல்லை. ஃப்ளாஷில் செய்து மூலக்கோப்பு கையில் இல்லாத பழைய வேலைகளை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கட்டணம். வந்த வரிசைப்படி பார்க்கிறோம். இப்போது ஆள் குறைவு, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உரிமையாளர்