பண்டில் எங்கே கிடக்கிறது?

15 வேலம்பாளையம்,
திருப்பூர்.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஷிப்மென்ட் வேலை முடியும்வரை உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ போகிறாள்.

பருப்பு மண்டியில் கம்ப்யூட்டர், பார்கோடு எல்லாம் வைக்கச் சொல்லி மகன் நிற்கிறான், போடுகிற காசுக்குப் பலன் உண்டா என்று கேட்டிருந்தாய். என் பனியன் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்டர் தள்ளிப்போகும் போதெல்லாம் மெஷின் பத்தவில்லை என்றே நினைத்தேன். கடன் வாங்கி ஓவர்லாக் இரண்டு, பேட்லாக் ஒன்று என்று மூன்று தையல் மெஷின் வாங்கிப் போட்டேன். அப்படியும் தாமதம் குறையவில்லை. வெட்டிய துணித் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதைத்தான் நாங்கள் பண்டில் என்போம். ஒருநாள் காலையில் கட்டிங் டேபிளில் இருந்து கிளம்பிய ஒரே ஒரு பண்டிலை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். அதைத் தைக்க ஆன நேரம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் பேக்கிங் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். கழுத்தில் வைத்துத் தைக்கிற ரிப் துணி வரவில்லை என்று ஒரு டேபிளுக்கு அடியில் கிடந்தது. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் இன்னொரு மூலையில் கிடந்தது. முருகேசா, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கடன் வாங்கியது தையலுக்கு. நேரம் போனதோ காத்திருப்பதில்.

பண்டில் கலைந்தால் இன்னொரு கேடும் உண்டு. ஒரே துணி ரோலில் வெட்டிய கைத் துண்டும் உடம்புத் துண்டும்தான் ஒன்று சேர வேண்டும். ரோல் மாறினால் சாயத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். செக்கிங்கில் அந்தப் பீஸ் அப்படியே ஒதுங்கிவிடும். ஒரு பனியனுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு துணிக்குத்தான் என்பதால், அது நேராக நம் கையைக் கடிக்கும்.

அதனால் ஒவ்வொரு பண்டிலுக்கும் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை முடிந்ததும் அதை ஸ்கேன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எது எங்கே எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்று இப்போது உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது. தேடுவதற்கென்றே ஓடிக்கொண்டிருந்த பையன் இன்று பேட்லாக் பழகிவிட்டான்.

இந்தக் கோடுகளின் கதையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜோசப் வுட்லேண்ட் என்பவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, மோர்ஸ் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் நினைத்தபடி மணலில் விரல்களை இழுத்தாராம். அதிலிருந்துதான் இந்த யோசனை. 1952இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் பார்கோடு கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹாயோவில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். படிக்கிற லேசரும் கம்ப்யூட்டரும் கட்டுபடியாகிற விலைக்கு வர அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இன்று நாம் கைபேசி கேமராவிலேயே படித்துவிடுகிறோம்.

நம் டைலர்கள் முதலில் பயந்தார்கள். "எங்களை வேவு பார்க்கறதுக்காங்கண்ணா?" என்று ஒரு அக்கா நேராகவே கேட்டார். நியாயமான பயம். இதைக் காட்டி பீஸ் ரேட்டைக் குறைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். அவரவர் கணக்கு அன்றன்றைக்குச் சாயங்காலமே அவரவர் கைக்குப் போகிறது. முன்பெல்லாம் சனிக்கிழமை சம்பளத்தில் சூப்பர்வைசர் நோட்டும் டைலர் நோட்டும் ஒத்துப்போகாமல் ராத்திரி ஒன்பது மணிவரை சச்சரவு நடக்கும். இப்போது ஆறு மணிக்கெல்லாம் பஸ் பிடித்துவிடுகிறார்கள். அந்த அக்காவின் எண்ணிக்கை மட்டும் குறைவாக வந்ததைப் பார்த்து விசாரித்தேன். மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது, சொன்னால் திட்டுவார்கள் என்று வாயே திறக்காமல் தைத்திருக்கிறார். மெக்கானிக் வந்து அரை நாளில் சரிசெய்தார். எண்ணிக்கை குறைந்தால் ஆளைக் கேட்பதற்கு முன் மெஷினைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் இப்போது உறுதியாக இருக்கிறேன்.

உன் மண்டிக்கு வருகிறேன். மகன் சொல்வதையெல்லாம் ஒரே மூச்சில் வாங்காதே. உன் குடோனில் புது மூட்டை முன்னால் அடுக்கி முன்னாலேயே போய்விடுகிறது, பழையது சுவரோரம் வண்டு விழுந்து கிடக்கிறது என்று நீயே வருத்தப்பட்டிருக்கிறாய். லாரி வந்த தேதியும் லாட் நம்பரும் மூட்டையில் இருந்தால் பழையதை முதலில் ஏற்றலாம். அதில் ஆரம்பி. எலெக்ட்ரானிக் தராசு எடையை நேராகப் பில்லில் ஏற்றுவது அடுத்தபடி.

ஒரு வாரம் மகனோடு குடோனில் நின்று, எந்த மூட்டை எத்தனை நாள் கிடக்கிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசுவோம். அப்பாவுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் போடுங்கள்.

உன்,
செல்வராஜ்