இந்தப் பருவம் முதல் ஆசிரியர்களைப் பற்றிய மாணவர் மதிப்பீடு ஆன்லைனில்

அனைவருக்கும் வணக்கம். மாணவர்கள் நம்மை மதிப்பிடும் படிவம் இனி தாளில் கிடையாது. மாணவர்கள் போனிலேயே நிரப்புவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு இனி வேண்டாம். 'படிவத்தில் பதிவெண் எதற்கு?' என்று கேட்பார்கள். ஒருவரே இரண்டு முறை நிரப்பாமல் இருக்கத்தான், பதிலோடு அது சேராது என்று சொல்லிவிடுங்கள்.

லிங்க்கை மட்டும் அனுப்பி 'வீட்டில் நிரப்புங்கள்' என்றால் பலர் நிரப்பமாட்டார்கள். ஆன்லைனுக்கு மாறிய பல பல்கலைக்கழகங்களில் பதில்கள் குறைந்தது இப்படித்தான். நம் பிள்ளைகளில் சிலர் வகுப்பு முடிந்ததும் எம்.சி. ரோடு துணிக்கடைக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள்; எண்ணூர், மணலி வீடு போய்ச் சேர இரவு பத்தாகிவிடும். அதனால் வகுப்பிலேயே 15 நிமிடம் கொடுங்கள். அந்த நேரம் நாம் வெளியே நிற்போம், தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டாம். தரைத்தள அறைகளில் சிக்னல் இருக்காது, மாடிக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், இன்டர்னல் மார்க் அறிவிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.